ஜெயாக்கா உட்கார்ந்த நாள்

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் அது பெரிய பட்டுக்கடை. பெயர் எதற்கு நமக்கு? மாடியில் கல்யாணப் புடவைப் பிரிவு. படியேறும்போதே மெலிசாக ஒரு பாட்டு காதில் விழும். வாயைத் திறக்காமல் மூக்காலேயே பாடுகிற சர்ச் பாட்டு. பாடுகிறவள் ஜெயப்ரியா. நாற்பத்தெட்டு வயசு. செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். அந்த மாடிக்கு அவள்தான் சூப்பர்வைசர். இருபத்து மூன்று வருஷமாக அதே மாடி, அதே பாட்டு.

வேலை என்றால் அவளுக்கு அப்படி ஒரு பிரியம். ஒரு உதறு உதறினால் முந்தானை விரிந்து வாங்க வந்தவர் கைக்குக் கிட்டே போய் நிற்கும். கல்யாணப் பெண்ணின் கை நிறத்தை ஒரு தரம் பார்ப்பாள், "இந்தப் பொண்ணுக்கு அரக்கு வேணாம்மா, மாம்பழக் கலர் எடு" என்பாள். அதையே எடுத்துக்கொண்டு போவார்கள். நூறு புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு இறங்குகிற மகராசிகளையும் படிவரைக்கும் போய்ச் சிரித்து அனுப்புவாள். நமக்கு அந்தப் பொறுமை வராது.

அவளுக்குக் கீழே ஆறு பெண்கள். "கடைக்காகவா செய்யறோம்? கர்த்தருக்குச் செய்யறோம்னு நெனச்சிக்கினு சந்தோஷமா செய்ங்கமா. கால் வலியே தெரியாது" என்பாள் அவர்களிடம். ஐந்து பேர் கோயிலுக்குப் போகிறவர்கள், ஒருத்தி தொழுகிறவள். இருந்தாலும் எல்லாரும் தலையாட்டி வைப்பார்கள். சூப்பர்வைசர் ஆயிற்றே!

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவளைத் தேடக் கூடாது. காலையில் ஆராதனை, மத்தியானம் கோழிக்குழம்பு, அப்புறம் போனை அணைத்துவிட்டு மூன்று மணி நேரத் தூக்கம். "சாமியே ஒரு நாள் ஓஞ்சிருந்தாரு, சார்" என்று சேர்ந்த அன்றைக்கே முதலாளி சீனிவாசனிடம் சொல்லி வாங்கிக்கொண்ட லீவு அது. அதில் ஒரு தப்பும் இல்லை. தப்பெல்லாம் மற்ற ஆறு நாளில் இருந்தது.

அந்தக் காலத்தில் கடையில் மெத்தை விரித்திருக்கும். வாங்குகிறவரும் உட்காருவார், விற்கிறவரும் உட்காருவார். கடையை இடித்துக் கட்டியபோது மெத்தை போய்க் கண்ணாடி கவுண்டர் வந்தது. வாங்குகிறவர்களுக்கு நாற்காலி, விற்கிறவர்களுக்கு இரண்டு கால். காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி எட்டு வரைக்கும் நிற்க வேண்டியதுதான். சில வருஷம் முன்னால், கடையில் வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. சீனிவாசன் ஆறு ஸ்டூல் வாங்கி மாடிக்கு அனுப்பினார். "கூட்டமில்லாதப்ப உக்காரட்டும் ஜெயாம்மா" என்றும் சொன்னார்.

ஜெயப்ரியா என்ன செய்தாள் தெரியுமா? ஆறையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்சல் ரூமில் வைத்து, மேலே அட்டைப் பெட்டிகளை ஏற்றிவிட்டாள். யாரும் சொல்லவில்லை, அவளாகத்தான் செய்தாள். வாங்க வருகிறவர் படியேறும்போது பெண்கள் உட்கார்ந்திருந்தால் மாடியின் மரியாதை என்னாவது? இருபது வருஷத்துக்கு மேல் ஒரு நாள் உட்கார்ந்ததில்லை அவள், அந்தப் பெருமை வேறு. பெண்கள் உட்கார இடம் கேட்டபோது, "மேல ஒத்துக்க மாட்டாங்கமா" என்று சொல்லி வாயை அடைத்துவிட்டாள். அந்த 'மேல' யார் என்று அவளும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

அந்த ஆறு பேரில் மூத்தவள் துளசி. தென்னேரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். கை சுத்தம், வாய் அதைவிடச் சுத்தம், ஒரு வார்த்தை அதிகம் பேச மாட்டாள். ஒரே ஒரு குறைதான் ஜெயப்ரியாவுக்கு. மூன்று மணி ஆனால் போதும், மொட்டைமாடியில் இருக்கிற லேடீஸ் பாத்ரூமுக்குப் போய்விடுவாள். திரும்பி வரப் பத்து நிமிஷம் ஆகும். "உள்ள என்னா பண்ற துளசி, கோட்டை கட்டறியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறாள். துளசி தலையைக் குனிந்துகொள்வாள்.

ஆவணி முகூர்த்தக் கூட்டம். ஒரு வெள்ளிக்கிழமை, கால் வைக்க இடமில்லை. துளசி ஒரு மாம்பழக் கலர் புடவையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள், "ஐயோ, ரத்தம்!" என்று கத்தினாள். துளசியின் கெண்டைக்காலில் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்த நரம்பு ஒன்று வெடித்து, ரத்தம் பாதம் வழியாகத் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. கவுண்டரைப் பிடித்துக்கொண்டே துளசி சரிந்தாள்.

ஜெயப்ரியா ஓடினாள். ஓடி, முதலில் புடவையைத்தான் எடுத்தாள். அதைச் சுருட்டி அந்தப் பக்கம் வைத்த பிறகுதான் துளசியைப் பிடித்தாள். இரண்டு நொடிகூட ஆகியிருக்காது, கூட்டத்தில் யாருமே கவனிக்கவில்லை. துளசி கவனித்தாள். சரிந்த இடத்திலிருந்து அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, மூன்று வாரம் காலைத் தூக்கி வைத்துப் படுக்கச் சொன்னார்கள். மறுநாள் துளசியின் சாப்பாட்டுப் பையை எடுத்து வைக்கலாம் என்று ஜெயப்ரியா மொட்டைமாடிக்குப் போனாள். அவள் எப்போதும் கீழே ஆபீஸ் பாத்ரூமுக்குப் போகிறவள், இந்தப் பக்கம் வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. பை பாத்ரூம் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. பைக்குக் கீழே ஒரு பெரிய பெயிண்ட் வாளி கவிழ்த்து வைத்திருந்தது. வாளியின்மேல் ஒரு சின்ன மெத்தை. புடவை சுற்றி வருகிற வெள்ளைத் துணியை நாலாக மடித்து, ஓரம் தைத்து, சணல் கயிற்றால் கட்டியிருந்தது. நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து அழுந்திப் பழுப்பேறி இருந்தது.

கீழே இறங்கிவந்து கலையரசி என்ற பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். அந்தப் பெண் முதலில் முழித்தது. அப்புறம் சொன்னது.

"துளசிக்கா தச்சதுக்கா. ஆளுக்கு அஞ்சு நிமிஷம் போய் உக்காந்துட்டு வருவோம். நாத்தத்துக்கு மூக்கப் பொத்திக்கினு உக்காரணும். எனக்குப் பீரியட்ஸ்னா துளசிக்கா அவங்க நேரத்தையும் எனக்கே குடுத்துடுவாங்க."

ஜெயப்ரியாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அன்று முழுக்கப் பாட்டு வரவில்லை.

மறுநாள் ஞாயிறு. சர்ச்சில் எப்போதும் உட்காருகிற இரண்டாவது பெஞ்சில்தான் உட்கார்ந்தாள். பாதிரி ஐயர் அன்றைக்கு என்று பார்த்து ஓய்வு நாளைப் பற்றிப் பேசினார். உனக்கு மட்டும் சொன்னதில்லை அந்தக் கட்டளை, உன்னிடம் வேலை செய்கிறவளுக்கும் சேர்த்துத்தான் சொன்னது என்றார். சின்ன வயசிலிருந்து கேட்கிறதுதானே! தன் பங்கு மட்டும்தான் இத்தனை நாள் அவள் காதில் ஏறியிருக்கிறது. பெஞ்சு முள்ளாகக் குத்தியது. கர்த்தருக்குச் செய்யச் சொல்லிவிட்டுக் கக்கூஸில் உட்கார வைத்தேனே பாவி என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஸ்டூல் விஷயத்தை மறைத்துவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. சொன்னால் துளசி இனிமேல் முகத்தில் விழிக்க மாட்டாள். சொல்லாவிட்டால் இந்தப் பெஞ்சில் இனி உட்கார முடியாது. பிரசங்கம் பாதியில் இருக்கும்போதே எழுந்து வெளியே வந்தாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வாலாஜாபாத் போய் பஸ் மாறி, தென்னேரியில் இறங்கி, வீட்டை விசாரித்துக்கொண்டு போனாள். துளசி கட்டிலில் இரண்டு தலையணைமேல் காலை வைத்துப் படுத்திருந்தாள். இவளைக் கண்டதும் பதறி எழுந்து நிற்கப் பார்த்தாள்.

"நிக்காத! கையெடுத்துக் கும்பிடறேன், நிக்காத துளசி" என்று கத்தியே விட்டாள் ஜெயப்ரியா.

கொண்டுபோன சாத்துக்குடிப் பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. நின்றபடியே கொட்டினாள்.

"ஸ்டூலு வந்துது துளசி. ஆறு ஸ்டூலு. முதலாளி உக்காரட்டும்னுதான் சொன்னாரு. நான்தான் பார்சல் ரூம்ல போட்டு மறச்சேன். அன்னிக்கும் உன்ன வுட்டுட்டுப் பொடவய எடுத்தேன். என்ன மன்னிச்சிடுமா."

துளசி கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"முதலாளிதான்னு நெனச்சிக்கினு இருந்தோம்கா" என்றாள். "அந்த ஆளு நல்லாருப்பானான்னு எத்தினி தடவ சாபம் வுட்டிருக்கேன் தெரியுமா? பாவம் ஜெயாக்கா, அவங்களையும் இல்ல நிக்க வெக்கிறான்னு."

ஜெயப்ரியா அழுதாள். துளசி அழவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

"பன்னெண்டரைக்கு பஸ்ஸுக்கா. வுட்டீங்கன்னா அடுத்தது லேட்டாவும்" என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை ஆறு ஸ்டூலையும் துடைத்துக் கவுண்டருக்குப் பின்னால் வரிசையாகப் போட்டாள் ஜெயப்ரியா. துளசியிடம் சொன்னதை மற்ற ஐந்து பேரிடமும் சொன்னாள், ஒன்றையும் விடாமல். கேட்டுக்கொண்டார்கள். ஆனால் ஒருத்தியும் உட்காரவில்லை. அக்கா நம்மைச் சோதிக்கிறாள் என்று நினைத்தார்களோ என்னவோ! வேறு வழியில்லாமல் அவளே போய் முதல் ஸ்டூலில் உட்கார்ந்தாள். முழங்காலுக்கு மடங்கத் தெரியவில்லை. ஒரு குடும்பம் படியேறி வந்தது. எழுந்திருக்கத் துடித்த உடம்பை அடக்கிக்கொண்டு, உட்கார்ந்தபடியே "வாங்கம்மா" என்றாள். அவர்களும் சாதாரணமாகத்தான் வந்தார்கள். அந்தம்மாள், "மாம்பழக் கலர்ல காட்டுங்க" என்றாள். அவ்வளவுதான். இந்தப் பயத்துக்குத்தான் இத்தனை வருஷம்! அதற்கப்புறம் கலையரசி உட்கார்ந்தாள்.

மூன்று வாரம் கழித்து துளசி வந்தாள், காலில் இறுக்கமான உறை போட்டுக்கொண்டு. காலையிலிருந்து நின்றாள். உட்காரச் சொன்னபோதெல்லாம், "இருக்கட்டும்கா" என்றாள். மூன்று மணி அடித்தது. கையிலிருந்த புடவையை மடித்து வைத்துவிட்டு, பழக்கப்படி மொட்டைமாடிப் படிப் பக்கம் திரும்பினாள்.

"துளசி" என்று கூப்பிட்டாள் ஜெயப்ரியா. "இங்கயே உக்காருமா."

துளசி ஸ்டூலைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள். மெதுவாக வந்து ஓரத்தில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எவ்ளோ நேரம்கா?"

அவள் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். அதற்குள் படியில் ஆள் வரும் சத்தம் கேட்டது. துளசியின் கை முழங்காலை ஊன்றி எழப் பார்த்தது. ஜெயப்ரியா அவள் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டுத் தானே போனாள். ஒரு புடவையை எடுத்து உதறினாள். முந்தானை சரியாகத்தான் போய் விழுந்தது, பாட்டுதான் வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது துளசி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.