ரபீகா உம்மாவின் குளிசை நேரம்

கண்டியில் நரம்பு வருத்தக்காரர்களைப் பார்க்கும் கிளினிக்கில் அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த இலக்கம் அறுபத்தேழு. என் வீட்டுக்காரருக்கு வலது பக்கம் இழுத்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. புசல்லாவையிலிருந்து இருட்டோடு பஸ் ஏறி வந்தும் பிந்திவிட்டோம். உட்காரும் வாங்கில் பக்கத்தில் இருந்த முஸ்லிம் அம்மா, நான் ஐந்தாறு தரம் சுவர் மணிக்கூட்டைப் பார்த்ததைக் கவனித்திருக்க வேண்டும். தன் கையிலிருந்த இலக்கத் துண்டை என் மடியில் வைத்து, என்னுடையதை எடுத்துக்கொண்டார். அவருடைய இலக்கம் பதினொன்று.

"எனக்கு இன்னும் போட்ட குளிசை புடிக்கல்ல புள்ள. கால் வெறப்பு விட நேரமாகும். நீ மொதல்ல போ."

டொக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, அந்த அம்மா தண்ணீர்க் குழாயடிக்கு விறுவிறு என்று நடந்து போய் வந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும், பொய் பிடிபட்டவர் போல முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் பெயர் ரபீகா, ஊர் மடவளை என்பதெல்லாம் ஐந்து வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் நாங்கள் கெலிஓயாவுக்குக் குடிவந்து, நான் ஒரு துணிக்கடையில் கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். 2021 சித்திரை வருசம் முடிந்த கையோடு கடையில் நான்கு பேருக்குக் கொரோனா. என்னையும் ஏற்றிக்கொண்டுபோய், சிகிச்சை நிலையமாக மாற்றியிருந்த ஒரு விடுதிக் கட்டடத்தில் விட்டார்கள். நான்காம் நாள் மாலையில் பக்கத்துக் கட்டிலுக்கு அந்த அம்மா வந்து சேர்ந்தார். நான் அடையாளம் கண்டேன். அவருக்கு என்னை நினைவில்லை.

அன்றிரவு அவருக்கு நல்ல பேச்சு. முகம் அசையாது, கை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும், ஆனால் வாய் சும்மா இருக்காது. வீட்டு முன்னறையில் பெண்களுக்குத் துணி விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். ஐம்பத்தைந்து வயதில் கை நடுங்கத் தொடங்கியதும், அளவு குறைகிறது என்று சிலர் முணுமுணுத்தார்களாம்.

"கத்திரிக்கோல அவளுக கையில குடுத்துட்டேன். நீயே அள, நீயே வெட்டுண்டேன். ஒருத்தியும் பொறகு வாய் தொறக்கல்ல. கட மூடணும்னு மகன் சொன்னான். நீ வேணும்னா உன் வாய மூடுண்டேன்."

பார்க்கின்சன் என்று அந்த வருத்தத்துக்குப் பெயர். மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை குளிசை போட்டால்தான் உடம்பு சொன்னபடி கேட்கும் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. காலை ஐந்து, எட்டு, பதினொன்று என்று இரவு எட்டு மணிவரை. ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு சின்னக் கடதாசிப் பொட்டலம் மடித்து, ஒரு தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். நோயாளி கையில் மருந்து இருக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். எட்டு மணிக் குளிசையைப் போட்டதும், தாதி சுகிர்தா மிஸ் பெட்டியை வாங்கித் தன் மேசையில் வைத்துக்கொண்டார்.

காலை ஆறு மணிக்கு மிஸ் தேநீரோடும் குளிசையோடும் வந்தார். ஐந்து மணிக் குளிசை அப்போதே ஒரு மணித்தியாலம் பிந்திவிட்டது. ரபீகா உம்மா கண் விழித்துத்தான் கிடந்தார். ஆனால் குரல் எழவில்லை.

"இந்த உம்மா நோன்பா?" என்று மிஸ் கேட்டார். அது நோன்பு மாதம்.

உம்மாவின் உதடு இலேசாக அசைந்தது. அதற்குள் நான் முந்திக்கொண்டேன். "ஆமாங்க மிஸ், அவங்க நோன்புதான். தண்ணிகூட வாயில வைக்க மாட்டாங்க. நாம குடுத்து அவங்க விரதத்தக் கெடுக்கக் கூடாதுங்க."

நானும் கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருக்கிறவள். அடுத்தவர் விரதத்தைக் காப்பாற்றுவதும் புண்ணியம் என்றுதான் நினைத்தேன். சுகிர்தா மிஸ்ஸும் எங்கள் புசல்லாவைப் பக்கத்துப் பிள்ளை, கூடப் படித்த முஸ்லிம் பிள்ளைகளைப் பார்த்து வளர்ந்தவர். "அப்ப நோன்பு தொறந்ததும் குடுப்போம்" என்று மரியாதையாகத் தட்டைத் திருப்பி எடுத்துப் போனார்.

பகல் முழுக்க உம்மா என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தார். பத்து மணிக்கெல்லாம் கை கால் விறைத்து, மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டார். வாயோரத்தில் எச்சில் வடிந்தது. துடைத்துவிட்டேன். மனதுக்குள் தியானம் செய்கிறார் என்று நினைத்து, நானும் என் பங்குக்கு முருகனைக் கும்பிட்டேன்.

மூன்று மணிக்கு டொக்டர் வந்தார். தலை முதல் கால் வரை மூடிய உடுப்பு, கண் மட்டும் தெரிந்தது. காய்ச்சல் நூற்றொன்று. விரலில் மாட்டிப் பார்த்ததில் ஒட்சிசன் தொண்ணூற்றைந்து, அது போதுமானதுதான். ஆனால் கையை மடக்கிப் பார்த்தார், மடங்கவில்லை. பெயரைக் கேட்டார், பதில் இல்லை. குளிசை நின்றுபோனதை அவருக்குச் சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை.

"கொரோனா மூளையத் தாக்கியிருக்கலாம். நாளைக்குக் காலையில பெரியாஸ்பத்திரி தீவிர சிகிச்சைக்கு அனுப்புவோம்" என்று சொல்லி எழுதிவிட்டு, மகன் அஹ்னாபுக்கும் தொலைபேசியில் அறிவித்தார். மகன் அழுத சத்தம் கட்டில் வரைக்கும் கேட்டது. உம்மாவின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு காதுப் பக்கம் இறங்கியது.

மாலை ஆறு இருபதுக்கு மிஸ் ஒரு பேரீச்சம்பழமும் கஞ்சியும் குளிசையும் கொண்டுவந்தார். பழத்தைக் கொடுக்கப் பார்த்தார், உம்மாவால் மெல்ல முடியவில்லை. குளிசையைத் தண்ணீரில் கரைத்துக் கரண்டியால் ஊட்டினார். முக்கால் மணித்தியாலம் போயிருக்கும். முதலில் விரல் அசைந்தது, பிறகு கழுத்து. பிறகு என் பக்கம் திரும்பிய அந்த அசையாத முகத்திலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"நான் நோன்புன்னு ஒனக்கு யாருடி சொன்ன?"

நான் கட்டிலை விட்டு இறங்கிவிட்டேன். மிஸ்ஸும் கிட்ட வந்தார்.

"சொகமில்லாதவளுக்கு நோன்பு இல்ல. ஆறு வருஷமா நான் புடிக்கிறல்ல. ஒரு நோன்புக்கு ஒரு ஏழைக்குச் சாப்பாடு குடுக்கிறேன், அதுதான் எனக்குள்ள சட்டம். அல்லாஹ் எனக்கு லீவு குடுத்தீக்கான். நீ யாரு புள்ள அத வெட்டுறதுக்கு?"

"மன்னிச்சிருங்க உம்மா. புண்ணியம்னு நெனச்சுதான்..."

"ஒன் புண்ணியத்துல நான் மௌத்தாகப் பாத்தேன். கொரோனாவுல மௌத்தானா கெழக்குல ஒட்டமாவடிக்குக் கொண்டுபோய்த்தான் அடக்குவாங்களாம். எனக்கு அவ்வளவு தூரம் பஸ் ஒத்துக்காது."

நான் அழுதுகொண்டே சிரித்துவிட்டேன்.

சுகிர்தா மிஸ் உடனே டொக்டருக்குப் பேசினார். நடந்த தவறைத் தன் மேல்தான் போட்டுக்கொண்டார், என்னைச் சொல்லவில்லை. ஆனாலும் டொக்டர் இணங்கவில்லை. வாகனம் சொல்லியாகிவிட்டது, ஆபத்தை விலைக்கு வாங்க முடியாது என்றார்.

"வரட்டும்" என்றார் உம்மா. "அங்க போனா எனக்குக் கொழாய் மாட்டுவாங்க. குளிசைய யார் நேரத்துக்குக் குடுப்பாங்களோ தெரியா. ஒரு நாள் பிந்தினதுக்கே கட்டையானேன். மிஸ், அஞ்சு மணிக்கு ஒண்டு, எட்டு மணிக்கு ஒண்டு. அத மட்டும் தாங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்."

ஆறு மணிக்குத்தான் மருந்து என்ற சட்டத்தை மிஸ் பார்க்கவில்லை. மறுநாள் விடிய ஐந்துக்கும் கொடுத்தார், எட்டுக்கும் கொடுத்தார். உம்மா முகம் கழுவி, துப்பட்டியைச் சரியாகப் போட்டுக்கொண்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் விடவில்லை. இருமல் வேறு. ஒன்பது மணிக்கு வாகனச் சத்தம் கேட்டதும் எழுந்தார்.

பத்தடி நன்றாக நடந்தார். வாசற்படிக்கு வந்ததும் கால் இரண்டும் நிலத்தில் ஒட்டிக்கொண்டன. கதவடியில் அப்படி நிற்பது அந்த வருத்தத்தின் குணமாம். வெளியே ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேரும் டொக்டரும் வந்துகொண்டிருந்தார்கள்.

நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

"இழுக்காத, உழுந்துருவேன்! ஒன் கால என் காலுக்கு முன்னால குறுக்கே வை. ஏதாச்சும் தாண்டச் சொன்னாத்தான் இந்தக் கழுத தாண்டும்."

மூத்தவர் ஒருவர் என் காலைத் தாண்டுவதா என்று ஒரு கணம் தயங்கினேன். வைத்தேன். அவர் என் பாதத்தை அழகாகத் தாண்டி வெளியே போய், டொக்டருக்கு முன்னால் நிமிர்ந்து நின்றார். சிங்களத்தில்தான் பேசினார், கடைக்காரிக்கு அது தண்ணீர்பட்ட பாடு.

"டொக்டர், காய்ச்சல் கொரோனாவோடது. இருமலும் அதோடதுதான். நேத்து கட்டையாக் கெடந்தது கொரோனா இல்ல, குளிசை இல்லாமக் கெடந்தது. ரெண்டையும் ஒரே பையில போடாதீங்க."

டொக்டர் கையை மடக்கிப் பார்த்தார். மடங்கியது. நெஞ்சையும் சோதித்து, ஒட்சிசனையும் பார்த்தார். தொண்ணூற்றைந்துதான். ஸ்ட்ரெச்சர்காரர்களைக் கையால் நிறுத்தினார்.

"தொண்ணூற்று நாலுக்குக் கீழ எறங்கினா அனுப்பிருவேன். அப்ப சண்டை பிடிக்கக் கூடாது."

"அப்ப நானே ஏறிப் போவேன். ஆனா என்ட பெட்டி என்னோட வரும். இப்பவும் அது என்ட தலமாட்டுல ஈக்கணும்."

டொக்டர் சுகிர்தா மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் உள்ளே போய்த் தகரப் பெட்டியை எடுத்துவந்து உம்மாவின் கையில் கொடுத்தார். வெறும் ஸ்ட்ரெச்சரோடு வாகனம் திரும்பிப் போனது.

அதற்குப் பிறகு ஐந்து நாள் காய்ச்சல் வாட்டியது. கொரோனா வந்தால் அந்த நடுக்கமும் கூடுமாம்; சோற்றை வாய்க்குக் கொண்டுபோக அரை மணித்தியாலம் எடுக்கும். ஊட்டிவிடவா என்று கேட்டால் முறைப்பார். ஒட்சிசன் ஒருநாளும் தொண்ணூற்று நாலுக்குக் கீழே இறங்கவில்லை. கடவுள் கிருபை என்றேன். "அவன்ட கிருபையும், நேரத்துக்குக் குளிசையும்" என்று திருத்தினார்.

அவர் வீடு போய் இன்னும் இரண்டு வருடம் கடையைத் திறந்து வைத்திருந்தாராம். 2023 இல் சொந்தக் கட்டிலில் காலமானார் என்று அஹ்னாப் தம்பி சொல்லித்தான் தெரியும். வீட்டுக்காரரைத் தனியே விட்டுவிட்டு மடவளைக்கு ஒரு நடை போக என்னால் முடியாமலே போய்விட்டது.

ஆகவே நான் அவரைக் கடைசியாகக் கண்டது அந்த விடுதி வாசலில்தான். வீட்டுக்குப் போக எனக்குத்தான் முதலில் துண்டு வெட்டினார்கள். கேட்வரைக்கும் அவர் நடந்தே வந்தார். நான் இன்னொரு தரம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். பேச்சு வரக் கொஞ்சம் சுணங்கியது. நான் காத்திருந்தேன்.

"எங்களப் போல ஆக்களப் பத்தி யாராச்சும் ஒன்னக் கேட்டா, நீ பதில் சொல்லாத புள்ள. எங்கக்கிட்டயே கேக்கச் சொல்லு. பதில் வர நேரமாகும். நிண்டு கேட்டுட்டுப் போகச் சொல்லு."