சின்னம்மா சொன்னதும் நான் சொன்னதும்

"இங்கிலீஷ் பேசி இன்னாடி கிழிக்கப் போறே? மெஷினுக்கு எந்த பாஷையும் தெரியாது."

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று சின்னம்மா சொன்னது இது. அவள் அம்மாவின் தங்கை. செஞ்சியில் பெயிண்ட் டப்பாக்களுக்குத் தகர மூடி அடிக்கும் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாகப் பிரஸ் மெஷின் ஓட்டினாள். அதே கம்பெனி ஆபீசில் எனக்கு வேலை கிடைத்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனதே நான்தான் முதல், கல்லூரியும் முடித்திருந்தேன். சிரித்தேன். காட்டுகிறேன் பார் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

கம்பெனி ஒரு குடும்பத்துடையது. அப்பா தொடங்கியதை இப்போது மகன் நடத்துகிறார். அவர்களைக் கெட்டவர்கள் என்று என்னால் சொல்ல முடியாது. வேலை செய்பவர்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றையும் அவர்கள் தவறவிட்டதில்லை. நான் படித்த அரசுப் பள்ளிக்கு பெஞ்சு வாங்கிக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் கம்பெனி பெயர் இருந்தது. அந்த விழாவில் நன்றியுரை படித்தது நான். சமூகப் பொறுப்பு என்று தலைப்புப் போட்டு, மூடி வாங்கும் பெரிய கம்பெனிக்கு வண்ணப் படங்களோடு இங்கிலீஷில் அறிக்கை எழுதியதும் நான்தான்.

பிரஸ்ஸில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அச்சு இறங்க வேண்டும். அப்போது எந்தக் கையும் உள்ளே இருக்காது. ஆனால் அப்படி ஓட்டினால் ஷிஃப்டுக்குச் சொன்ன கணக்குக்கு மூடி வராது. அதனால் இடது பட்டனை அழுத்தியபடியே சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். இடது கை தகரத்தை வைக்கும், வலது கை பட்டனைத் தட்டும். முதலில் கட்டியது யார் என்று யாருக்கும் தெரியாது. ஆயுத பூஜையில் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கும்போது அந்த டியூப் முடிச்சுக்கும் ஒரு பொட்டு உண்டு. நானும் வைத்திருக்கிறேன்.

தொழிலாளிகளை ஒழுங்காக நடத்துகிறோமா என்று பார்க்க, மூடி வாங்கும் கம்பெனி வருடம் ஒரு ஆளை அனுப்பும். போன முறை வந்தவர் மும்பைக்காரர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அவர் வருமுன் டியூப்களை எல்லாம் அவிழ்த்து ஒரு சாக்கில் போட்டுவிட்டார்கள். முதலாளியும் நானும் அவரோடு ஷெட்டுக்குள் நடந்தோம். சின்னம்மாவின் மெஷின் முன்னால் நின்று, எப்போதும் இரண்டு கையால்தான் ஓட்டுகிறாரா என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

சின்னம்மா சிரித்துவிட்டாள். "ரெண்டு கையும் பட்டன்ல இருந்தா தகரத்த இன்னா, வாயால வைக்கறதா? இன்னிக்கு ஒரு நாளு கூத்து இது. டியூபு எங்க போச்சுன்னு கேளுன்னு அவருகிட்ட சொல்லுடி."

பக்கத்து மெஷின் பெண்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்காமல் என்னைப் பார்த்தார். ஷெட்டே என் வாயைப் பார்த்தது.

"எஸ் சார், ஆல்வேஸ்" என்றேன். மெஷின் ரொம்பப் பாதுகாப்பு என்கிறார் என்று நானாகவே ஒரு வரி சேர்த்தேன். தடுமாறாமல் பேசிவிட்டேன் என்று பெருமைப்பட்டதும் நினைவிருக்கிறது. அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். போகும்போது காரிலிருந்தே மலைக்கோட்டையைப் படம் எடுத்தார். மறுநாள் டியூப்கள் பழையபடி ஏறின.

மூன்று மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு மணி அடிக்கும் முன், சின்னம்மாவின் இடது கையில் இரண்டு விரல் போயிற்று.

முதலாளி தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சீட்டில் ரத்தம் ஆனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவருடைய அம்மா தினமும் கஞ்சி கொடுத்தனுப்பினார். நான்காம் நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு விபத்துப் பதிவேட்டை முன்னால் வைத்தார்.

"மெஷின ஆஃப் பண்ணாம தொடைச்சாங்க, அவங்க கவனக்குறைவுன்னு எழுதிடும்மா. ஆர்டர் போச்சுன்னா நாப்பது பொம்பளைங்க வூட்ல உக்காரணும். உங்க சின்னம்மாவ நான் விட்டுடுவேனா?"

விடமாட்டார். அதனால்தான் என்னால் சண்டை போடவும் முடியவில்லை. பேனாவைத் திறந்து மூடினேன். "நாளைக்கு எழுதறேன் சார்."

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சின்னம்மாவிடம் சொன்னேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்திருந்தாள். "எழுதிட்டுப் போ. நீ எழுதலன்னா போன வெரலு வந்துடுமா?" ஜன்னல் பக்கம் திரும்பினாள். "ஆனா அந்த மும்பைக்காரருகிட்ட அன்னிக்கே சொன்னேனேடி. நீதான எடுத்துச் சொன்னே? தலய தலய ஆட்னாரே. ஒண்ணும் பண்ணலியே அந்த ஆளு?"

நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை. அவள் அவரைத் திட்டத் தொடங்கினாள். அதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பதிவேட்டில் அந்த வரி இன்னும் காலியாகவே இருக்கிறது. முதலாளி இரண்டு முறை கேட்டுவிட்டார். ஒரு வாரம் கழித்துச் சின்னம்மா வீடு திரும்பிய அன்று, மதியம், என் மேசையிலிருந்தே மும்பைக்காரருக்கு மெயில் அனுப்பினேன். வாய், கூத்து, டியூப் என்று அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் எழுதினேன். அதற்குக் கீழே நான் சொன்னதையும் எழுதி, என் பெயரைப் போட்டேன். அவர் என்ன செய்வார், அந்த நாற்பது பேருக்கு என்ன ஆகும், எதுவும் என் கையில் இல்லை. அனுப்பியதுதான் சரி என்று நான் தவறாக நினைத்திருக்கலாம். திரும்பப் பெறவும் வழியில்லை.

அந்த மெயிலை ஒரு தாளில் பிரிண்ட் எடுத்து, நாலாக மடித்துப் பையில் வைத்து, சின்னம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்ட, அவள் வீடு இருக்கும் அனந்தபுரத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறி டிக்கெட் வாங்கிவிட்டேன்.