ஏழு பெயருக்கும் ஆமாம் சொன்னவர்

பாரிவாக்கத்தில் துணி தேய்க்கும் நாகப்பனுக்கு ஏழு பிளாட் சொந்தம் என்று பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் பேச்சு அடிபட்டது. ஆதாரமும் வைத்திருந்தார்கள். ஏழு பிளாட்டிலும் இன்டர்நெட் அவர் நம்பரில்தான் ஓடுகிறதாம். கம்பெனி அவர் ஒருவருக்கே முப்பத்தோராயிரம் ரூபாய் பில் போட்டிருக்கிறதாம். அவ்வளவு பெரிய பில் வருகிறவர் சாதாரண ஆளாக இருக்க முடியாது என்பது டீக்கடையின் தீர்ப்பு. பினாமி என்றார் ஒருவர். யாருக்கு என்று கேட்டதற்கு, அது தெரிந்துவிட்டால் அப்புறம் என்ன பினாமி என்றார். மறுக்க முடியவில்லை.

ஏழு பிளாட்காரர் எவரையும் நான் இதுவரை கிட்டத்தில் பார்த்ததில்லை. போனேன்.

மூன்று பிளாக் அடுக்குமாடிக் குடியிருப்பு. கேட்டுக்கு எதிரே ஒரு தள்ளுவண்டி, மேலே நீலத் தார்ப்பாய், நடுவில் கரிப் பெட்டியால் சட்டை தேய்த்துக்கொண்டு நாகப்பன். ஐம்பது வயதிருக்கும். வண்டியின் முகப்பில் அவர் பெயரைவிடப் பெரிதாகப் போன் நம்பர் எழுதியிருந்தது. பக்கத்தில் மனைவி முனியம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். இந்தக் கட்டடம் வருவதற்கு முன்பு நாகப்பனின் அம்மா இங்கே கூலிக்கு நாற்று நட்டிருக்கிறார். அந்த இடம் இப்போது பி பிளாக் பார்க்கிங். நாகப்பன் அங்கே சைக்கிளை நிறுத்தினால் செக்யூரிட்டி விசில் ஊதுவார்.

"ஏழு பிளாட் எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன்.

"எதிர்ல தான் கீது சார். இன்னா, உள்ள வுட மாட்டான்" என்றார் நாகப்பன்.

விஷயம் இதுதான். அந்தக் குடியிருப்பில் பாதிப் பேர் ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள். மதுரை, சேலம், திருநெல்வேலி என்று பல ஊர்க்காரர்கள். பகலில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். பார்சல் மட்டும் பகலில்தான் வரும். எதை வாங்கினாலும் இரண்டாவது நம்பர் ஒன்று கேட்பார்கள் அல்லவா, அந்த இடத்தில் எல்லோரும் நாகப்பனின் நம்பரைக் கொடுத்து வைத்தார்கள். விளம்பரப் போன் தொல்லை வேண்டாம் என்று சிலர் முதல் நம்பராகவே கொடுத்துவிட்டார்கள்.

நாகப்பனுக்கும் இது பழகிப்போனது. போன் வரும். "விக்ரம் சாரா?" என்பான் பையன். "ஆமா, கேட்டாண்ட வா" என்பார். "ராகவன் சாரா?" ஆமா. "நிவேதிதா மேடமா?" அதற்கும் ஆமா.

"நான் அவுரு இல்லன்னு சொன்னா பையன் பார்சல திருப்பி எத்துகினு பூட்றான் சார். அப்பறம் அவுங்க வந்து என்னாண்ட கத்துவாங்க. ஆமான்னு ஒரு வார்த்த. இன்னா நஷ்டம்?"

நஷ்டம் மெதுவாக வந்தது. இன்டர்நெட் கம்பெனியும் அதே நம்பருக்குப் போன் செய்து, இணைப்பு உங்களுடையதுதானா என்று கேட்டது. நாகப்பன் வழக்கம்போல் ஆமா சொன்னார். கம்பெனி அதைப் பதிவு செய்துகொண்டது. ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்து அவரவர் காலி செய்துகொண்டு போனார்கள். போகும்போது வைஃபை டப்பாவை நாகப்பனிடம் கொடுத்து, கம்பெனி ஆள் வருவான், கொடுத்துவிடுங்கள் என்றார்கள். கம்பெனி ஆள் வரவில்லை. டப்பாக்கள் வண்டிக்கு அடியில் கோணிப்பையில் சேர்ந்தன. டப்பா திரும்பி வராதவரை கம்பெனியின் கணக்கில் இணைப்பு உயிரோடு இருக்கும். பில்லும் மாதாமாதம் ஏறும். கடைசியில் ஏழு கணக்குக்கும் ஒரே நம்பர் என்பதைக் கம்பெனியின் கம்ப்யூட்டர் கண்டுபிடித்தது. ஏழையும் கூட்டி ஒரே பில்லாக அனுப்பியது. அதே கம்பெனியின் சிம்தான் நாகப்பனிடம் இருந்தது. இந்த மாதம் கட்டாவிட்டால் அந்த நம்பர் முடக்கப்படும் என்று செய்தி வந்திருந்தது.

பணத்தைப் பற்றி நாகப்பனுக்குக் கவலையே இல்லை. இல்லாததைக் கேட்டால் யாரால் கொடுக்க முடியும்? நம்பர்தான் கவலை.

"நம்பர் பூட்ச்சின்னா பொயப்பே பூட்ச்சி சார். மூணு பிளாக்கும் போன்லதான் கூப்டும். துணிய கதவுல மாட்டி வச்சிடுவாங்க, நா போயி எட்த்துகினு வருவேன். என் மூஞ்சி பாதி பேருக்குத் தெரியாது. நம்பர்தான் தெரியும்."

"வாயத் தொறந்தா ஆமாதான் இந்தாளுக்கு" என்றார் முனியம்மா. "நீ நிவேதிதாவான்னு கேட்டா கூட ஆமான்றான். இனிமே எவன் எந்தப் பேர் சொல்லிக் கேட்டாலும் இல்லன்னு சொல்லுன்னு சொல்லிட்டேன்."

அப்போது போன் அடித்தது. நாகப்பன் எடுத்தார். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் ஏதோ கேட்டது.

"இல்லம்மா. அப்டி யாரும் இங்க இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டு, மனைவியைப் பெருமையாகப் பார்த்தார்.

"யாருய்யா?"

"யாரோ கம்பெனிப் பொண்ணு. நாகப்பன் சாரான்னு கேட்டுது."

முனியம்மா மடித்துக்கொண்டிருந்த பேன்ட்டைக் கீழே வைத்தார். "அது நீதான்யா."

நாகப்பன் போனைத் திருப்பிப் பார்த்தார். "ஆமால்ல" என்றார்.

பில் தன்னுடையது இல்லை என்று நாகப்பன் முன்பே கொடுத்திருந்த புகாரை விசாரிக்கத்தான் கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. நாகப்பன் என்று யாருமே இல்லை என வாடிக்கையாளர் மறுத்துவிட்டதாகப் பதிவானது. மறுநாள் நம்பர் செத்துப்போனது. வண்டியில் துணி குறைந்தது. அதற்கு மறுநாள் கரி பற்ற வைக்கவே வேலையில்லை. முனியம்மா கோணிப்பையைத் தூக்கிக்கொண்டார். ஆவடியில் இருக்கும் கம்பெனிக் கடைக்கு மூவரும் போனோம்.

கவுன்டரில் இருந்தவர் ஜெயப்பிரியா. கொரட்டூரில் இருந்து ரயிலில் வந்து போகிறவர். கம்ப்யூட்டரைப் பார்த்தார், நாகப்பனைப் பார்த்தார், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"சிஸ்டம்படி நீங்க ஏழு பேருங்க. ஆனா நாகப்பன் மட்டும் இல்ல. அப்படி யாருமில்லன்னு சொல்லியிருக்காங்க."

"சொன்னது யாரும்மா?" என்றார் முனியம்மா.

"இவர்தான்."

"அப்போ இவரு கீறாரு இல்ல?"

அதற்கு ஜெயப்பிரியாவின் திரையில் கட்டம் இல்லை போலிருக்கிறது. பழைய அழைப்புகளைக் காதில் மாட்டிக் கேட்டார். ஒரு இடத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டார். நிவேதிதா மேடமா என்ற கேள்விக்கு, பீடி குடித்துக் கரகரத்த குரல் ஆமா, சொல்லு என்றிருக்கிறது. கம்பெனி அதற்கு, நன்றி மேடம் என்றிருக்கிறது.

"ஏன் சார் எல்லாத்துக்கும் ஆமா சொன்னீங்க?"

நாகப்பன் பார்சல் கதையைச் சொன்னார். ஜெயப்பிரியா குரலைத் தாழ்த்தினார். "எங்க தெருவுல மளிகைக் கடை அண்ணன் நம்பரைத்தான் நானும் குடுத்து வச்சிருக்கேன். பாவம், அவருக்கு என்னென்ன வருதோ."

அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. டப்பா திரும்பினால், அவரவர் காலி செய்த தேதியோடு பில்லை நிறுத்த வழி இருக்கிறதாம். ஆனால் கணக்கை மூட, கணக்குக்கு உரியவர் சம்மதம் சொல்ல வேண்டும். கம்பெனியைப் பொறுத்தவரை உரியவர் நாகப்பன்தான். ஜெயப்பிரியா ஒவ்வொரு டப்பாவாக எடுத்து வைத்துக் கேட்டார்.

"நீங்க விக்ரமா?"

நாகப்பன் மனைவியைப் பார்த்தார். முனியம்மா தலையாட்டினார்.

"ஆமா."

இப்படி ஆறு பேராக ஆனார். நிவேதிதாவானபோது மட்டும் கொஞ்சம் கூச்சப்பட்டார். ஆறு கணக்கும் மூடப்பட்டது. நாகப்பனாக இருப்பதற்கு ஆதார் அட்டை கேட்டார்கள். மற்ற ஆறு பேராக இருப்பதற்கு எதுவும் கேட்கவில்லை. நம்பருக்கு உயிர் வந்தது.

ஏழாவது டப்பா ராகவனுடையது. அதன் சார்ஜர் ஒயரைக் காணவில்லை. தார்ப்பாயை இழுத்துக் கட்ட முனியம்மா அதைத்தான் எடுத்திருந்தார். ஒயருக்கு நூற்றுப் பதினெட்டு ரூபாய் என்றது கம்ப்யூட்டர்.

"கட்டிட்டா முடிஞ்சிரும் சார். நீங்க ராகவனா?"

நாகப்பன் டப்பாவைப் பார்த்தார். "இல்ல" என்றார்.

"சார், இது ஒண்ணுதான் பாக்கி."

"அவுரு எனக்கு எட்டு சட்ட, ரெண்டு பேன்ட்டு தேச்ச காசு தரணும்மா. தராமயே ஊட்ட காலி பண்ணிகினு பூட்டாரு. நா ராகவன்னு சொன்னா எனக்கே நா கடன்காரன் ஆயிடுவேன். காசு யாராண்ட கேக்கறது?"

முனியம்மாவும் அதற்குத் தலையாட்டினார். இவ்வளவு சின்ன பாக்கிக்கு நம்பரை முடக்க மாட்டார்கள் என்று சொல்லி ஜெயப்பிரியா அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

டீக்கடையில் உண்மையைச் சொன்னேன். பிளாட்டும் இல்லை, பினாமியும் இல்லை, ஆறு கணக்கை முடித்துவிட்டார், ஒன்று மட்டும் பாக்கி என்றேன். ஆறு பிளாட்டை விற்றுவிட்டு ஒன்றை மட்டும் கையில் வைத்திருக்கிறார் என்று இப்போது பேசிக்கொள்கிறார்கள்.

பார்சல்கள் மறுபடி வருகின்றன. நாகப்பனும் மறுபடி ஆமா சொல்கிறார். ராகவன் என்ற பெயருக்கு மட்டும் கிடையாது. போன வாரம் நான் வண்டியருகே நின்றபோது கம்பெனியில் இருந்து அழைப்பு வந்தது. ராகவன் சாரா, நூற்றுப் பதினெட்டு ரூபாய் நிலுவையில் இருக்கிறது என்றது அந்தக் குரல்.

"நா இல்லம்மா" என்றார் நாகப்பன். "நானும் அவுரதான் தேடிகினு கீறேன். கெடச்சா எனக்கு ஒரு போன் போடு. நம்பர்தான் உன்னாண்ட கீதே."