ஒன்பது மூளித் தட்டுகள்

பாட்டுப் பெட்டி விற்கிற தொழிலில் ஒரு சாபம் உண்டு: விற்கிறவன் காதில் எந்தப் பாட்டும் முழுதாக விழாது.

பட்டுப்புடவையாக விரித்துக் காட்டிவிட்டு வீட்டுக்குச் சீட்டித் துணி எடுத்துப் போன ஜவுளிக்கடைச் சிப்பந்திகள் யாராவது இதைப் படித்தால், என் கஷ்டம் சொல்லாமலே விளங்கும். ஐம்பதுகளின் நடுவில் புதுக்கோட்டையில் ஒரு கிராமபோன் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி, மெக்கானிக் ரத்தினம், நான், ஆக மூன்றே பேர். வருகிறவருக்கு இசைத்தட்டைச் சுழலவிட்டு, ஊசியை வைத்து, பாட்டைக் கேட்கச் செய்வது என் வேலை. பல்லவி முடிவதற்குள் அவர் 'சரி, அடுத்தது' என்பார். ஊசியைத் தூக்க வேண்டும். அவர் சொல்லாவிட்டாலும் முதலாளி கண்ணைக் காட்டுவார், ஏனென்றால் ஒவ்வொரு முறை ஊசி ஓடும்போதும் தட்டு கொஞ்சம் தேயும். இப்படியாக எனக்கு இருநூறு பாட்டுக்குப் பல்லவி தெரியும். ஒன்றுக்கும் சரணம் தெரியாது.

டீக்கடை ரேடியோவில் கேட்கலாமே என்பீர்கள். அது அவர்கள் போடுகிற பாட்டு. என் வீட்டில், என் கையால் ஊசி வைத்து, ஒரே ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை கேட்டுவிட வேண்டும் என்பதுதான் எனக்கு ஆசை. பெட்டி வாங்க வழியில்லை. ஊராருக்கு எந்தப் பெட்டி நல்லது என்று நாள் முழுக்கப் புத்தி சொல்வேன், சாயங்காலம் சீட்டியடித்துக்கொண்டே வீட்டுக்கு நடப்பேன். சீட்டியும் பல்லவியோடு நின்றுவிடும்.

மூளி

தட்டுகள் மதராஸிலிருந்து வைக்கோல் திணித்த மரப்பெட்டியில் ரயிலில் வரும். எவ்வளவு வைக்கோல் வைத்தாலும் வழியில் ஒன்றிரண்டு விளிம்பு உடைந்துவிடும். கட்டை விரல் அகலத்துக்கு ஓரம் பெயர்ந்திருந்தாலும் போச்சு, யாரும் வாங்க மாட்டார்கள். அவற்றைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை. கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோக ஆரம்பித்தேன். நாளடைவில் ஒன்பது சேர்ந்தன.

என் மனைவி பாக்கியம் வெள்ளிக்கிழமைதோறும் சாமி படங்களைத் துடைத்த கையோடு அந்த ஒன்பதையும் துடைத்து, பழைய வேட்டியில் சுற்றி அலமாரியில் வைப்பாள். ஒன்றைக்கூட அவள் கேட்டதில்லை. எதில் என்ன பாட்டு என்று மட்டும் என்னைக் கேட்டு வைத்திருந்தாள். ஊரில் பெட்டி இருந்து தட்டு இல்லாதவர்கள் உண்டு, தட்டு இருந்து பெட்டி இல்லாதவர்கள் நாங்கள் மட்டும்தான். முதல் மூளித் தட்டை நான் கேட்டபோதே முதலாளிக்கு இது தெரிந்திருக்கிறது. சிரிக்காமல் சொன்னார்:

"எடுத்துக்கிட்டுப் போப்பா. ஆனா எங்கிட்டு வச்சுப் போடுவே, அடுப்புலயா?"

பாதிப் பெட்டி

கையில் கொஞ்சம் பணத்தோடு முதல் பெட்டி வாங்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: வீட்டில் கரண்டு இருந்தால் மின்சாரப் பெட்டி, இல்லாவிட்டால் சாவி கொடுக்கிற பெட்டி. இரண்டுக்கும் நடுவில் ஒரு சரக்கு உண்டு. வெறும் சுழல்தட்டும் ஊசிக் கையும் மட்டும் இருக்கும். தனியாகப் பாடாது, ரேடியோவோடு சேர்த்துக் கட்டினால்தான் சத்தம் வரும். விலை குறைவு என்பதால் எல்லார் கண்ணும் அதன்மேல்தான் விழும்.

கீரனூரிலிருந்து தினமும் பஸ்ஸில் திருச்சிக்கு ஆபீஸ் போய்வரும் ஒரு குமாஸ்தா அதைத்தான் கேட்டார். "ரேடியோ இருக்கா சார்?" என்றேன். "அது அடுத்த தீபாவளிக்கு" என்றார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு போனார். அடுத்த தீபாவளியும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது, ரேடியோ வரவில்லை. ஊசி வாங்க வந்தவரிடம் மெதுவாக விசாரித்தேன். தட்டு சுழலும்போது ஊசிக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனால், எறும்பு பாடுகிற மாதிரி சன்னமாகப் பாட்டு கேட்கிறதாம். வீட்டில் நாலு பேரும் முறை வைத்துக் குனிந்து கேட்கிறார்களாம். நான் பரிதாபப்பட்டது முகத்தில் தெரிந்துவிட்டது போலும். அவர் சொன்னார்:

"ஒரு குறையும் இல்ல சார். தட்டுல ஆளுக்கு ஒரு பக்கம், சண்டை வாரதில்ல. பக்கத்து வீட்டுக்காரரும் சத்தம்னு கதவத் தட்டுறதில்ல."

எனக்கு அன்று அவர்மேல் பொறாமையாக இருந்தது. கடைசிவரை கேட்கிறாரே.

வாயில் பொட்டு

இலுப்பூர்க் கடலை வியாபாரி ஒருவர் சாவிப் பெட்டி வாங்கிப்போன மூன்றாம் நாள் திரும்பக் கொண்டுவந்தார். பெட்டிக்கு ஜலதோஷம் பிடித்துவிட்டது என்றார். போட்டுப் பார்த்தால் நிஜமாகவே மூக்கடைத்த குரல்தான். ரத்தினம் ஊசிக்கு மேலே இருக்கிற வட்ட மூடியைத் திருப்பினான். அதன் நட்டநடுவில், சத்தம் அதிர வேண்டிய தகட்டின்மேல், ரூபாய் அகலத்துக்குச் சந்தனம் காய்ந்து கெட்டியாக இருந்தது, அதன்மேல் குங்குமம். வீட்டுக்கு வந்த லட்சுமிக்குப் பொட்டு வைக்காமல் எப்படிப் பாடச் சொல்வது என்று அவர் கேட்டார். வட்டமாக இருந்ததால் அதுதான் முகம் என்று முடிவுகட்டியிருக்கிறார். ரத்தினம் பொறுமையாகச் சுரண்டி எடுத்துக்கொண்டே கேட்டான்:

"சாமிக்கு நெத்தியில வப்பீங்களா, வாயில வப்பீங்களா?"

சீர்ப் பெட்டி

திருமயம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் மகள் கல்யாணத்துச் சீருக்குப் பெட்டி வாங்க வந்தார். பாத்திரக் கடைக்கு வந்த கல்யாணப் பெண்ணும் கூடவே இருந்தாள். அவர் கொண்டுவந்த பணத்துக்கு, சின்னதாக ஆனால் இனிமையாகப் பாடுகிற பெட்டி ஒன்று இருந்தது. அதே விலைக்கு ஆளுயரத்தில் பாதி, பளபளவென்று, கரகரத்த குரலில் பாடுகிற பழைய பெட்டி ஒன்றும் இருந்தது. அவர் இரண்டாவதைத்தான் காட்டினார்.

பெண்ணின் கண் சின்னப் பெட்டிமேலேயே இருந்ததால் அதில் ஒரு தட்டை வைத்தேன். அவள் தன்னை மறந்து ஒரு அடி முன்னால் வந்து நின்றாள். பல்லவி முடிந்து அடுத்த அடி எடுக்கப் போகிற நேரம். "போதும் போதும்" என்றார் பெரியவர். ஊசியைத் தூக்கினேன். அத்தனை வருஷத்தில் எத்தனையோ தடவை தூக்கியிருக்கிறேன், அன்றைக்குத்தான் கை கூசியது. குரலைக் கேட்டு வாங்குங்களேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் பதில்:

"பாட்டு யாரு கேக்கப் போறா தம்பி? சபையில வச்சா எட்டத்துலேருந்து தெரியணும்."

பத்துத் தடவை

கோட்டைப்பட்டினத்திலிருந்து ஒரு பெண் தன் வாப்பாவுடன் வந்தாள். கைக்குட்டையில் சுற்றிய ஒரு சின்னத் தட்டு. புருஷன் பினாங்கில் வேலை செய்கிறார். அங்கே பொருட்காட்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று பேசினால், பேச்சைத் தட்டில் பதித்துக் கொடுப்பார்களாம். கடுதாசிக்குப் பதிலாக அதை அனுப்பியிருக்கிறார். தட்டு வந்து எட்டு மாதம், இன்னும் கேட்கவில்லை. கடையின் மின்சாரப் பெட்டியில் வைத்துவிட்டு, அவள் வாப்பாவும் ரத்தினமும் நானும் முதலாளியும் வீதியில் இறங்கி நின்றோம். ஒருவர் சம்சாரத்துக்குப் பேசியதை மற்றவர் கேட்கலாகாது. நான் ஊசியைத் தூக்காமல் கடைசிவரை ஓடவிட்ட ஒரே தட்டு அதுதான். அதையும் நான் கேட்கவில்லை.

உள்ளே போனபோது அவள் தட்டைத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தாள். குறைந்த விலையில் ஒரு பெட்டி வேண்டும் என்றாள். ஊரில் கரண்டு இல்லை, சாவிப் பெட்டிதான் ஆகும். என் வாயை அடக்கியிருந்தால் வியாபாரம் சுலபமாக முடிந்திருக்கும், எனக்குத்தான் அந்தப் புத்தி கிடையாதே. "தங்கச்சி, இந்தப் பெட்டியில ஊசி கனம். ஒங்க தட்டு மெழுகு மாதிரி மெலிசு. பத்துத் தடவை போட்டா குரல் அழிஞ்சுரும்" என்று சொல்லிவிட்டேன். முதலாளி என்னை முறைத்தார். அவள் விரல்விட்டு எண்ணினாள். பிறகு அதையே கட்டச் சொன்னாள்.

"பெருநாளைக்குப் பெருநாளு ஒரு தடவை போடுறேன் அண்ணே. வருசத்துக்கு ரெண்டு, பத்துன்னா அஞ்சு வருசம் தாங்கும். அதுக்குள்ள அவுகளே வந்துருவாக."

திரும்பி வந்தது

அதற்குப் பிறகு ஊரில் பெருநாள் பிறை பார்த்தார்கள் என்று கேள்விப்பட்டால் நான் விரல் மடக்குவேன். ஏழு மடக்கியிருந்தபோது ஒருநாள் மாட்டுவண்டியில் ஒரு பெட்டி வந்து இறங்கியது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆளுயரத்தில் பாதி, பளபளப்பு மட்டும் போயிருந்தது. சாவியில் கல்யாணத்தன்று கட்டிய மஞ்சள் நூல் அப்படியே இருந்தது. ஊசி டப்பா பிரிக்கப்படவில்லை. சீர்ச் சாமான் என்று மாமனார் வீட்டில் அறைக்குள் வைத்துப் பூட்டியவர்கள் பூட்டியவர்கள்தான். இப்போது ஊருக்குக் கரண்டு வந்துவிட்டதால் இதைக் கொடுத்துவிட்டு ரேடியோ எடுக்க அந்தத் திருமயத்துப் பெண்ணும் புருஷனும் வந்திருந்தார்கள்.

ஸ்பிரிங் துருப்பிடித்திருந்தது. பழைய இரும்புக்குத்தான் ஆகும் என்றார் முதலாளி. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, நீயே எடுத்துக்க, சம்பளத்துல கொஞ்சங் கொஞ்சமாப் புடிச்சுக்கிறேன்" என்றார். புருஷன் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் பெண் என் பக்கம் வந்தாள். அன்று போட்டுக் காட்டிய பாட்டின் முதல் அடியை வார்த்தை பிசகாமல் சொன்னாள். அந்தப் பாட்டு என் ஒன்பதில் ஒன்று. அவள் கேட்ட கேள்விக்கு எனக்கும் பதில் தெரியாது, தெரியாது என்றே சொன்னேன். அவள் கேட்டது இதுதான்:

"அதுக்கு மேல எப்படிண்ணே போகும்?"

முதல் அடி

ரத்தினம் ஒரு வாரம் உட்கார்ந்து ஸ்பிரிங்கைச் சரிசெய்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டியைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனேன். பாக்கியம் வேட்டியைப் பிரித்து, அந்தப் பெண் கேட்டதாக நான் சொல்லியிருந்த பாட்டையே முதலில் எடுத்துக் கொடுத்தாள். சாவி கொடுத்து ஊசியைக் கொண்டுபோன பிறகுதான் எனக்கு உறைத்தது. பாட்டு விளிம்பிலிருந்துதானே ஆரம்பிக்கும், அங்கேதானே மூளி? உடைசலைத் தாண்டி உள்ளே வைத்தேன். பாட்டு நடுவிலிருந்து பிடித்துக்கொண்டு ஓடியது. நான் கேட்டே இராத சரணம். கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. அடுத்த தட்டும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. ஒன்பதுக்கும் தலை கிடையாது. இத்தனை வருஷம் தொழில் பார்த்தவனுக்கு இந்தச் சின்ன விஷயம் ஒருநாளும் தோன்றவில்லை.

பாக்கியம் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, "எல்லாம் பாதியிலேருந்தே வருதே, மொத அடி என்னங்க?" என்றாள். அதுதானே எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. முதல் தட்டைத் திரும்ப வைத்து, ஊசியைக் கையில் பிடித்தபடி, என் கரகரத்த குரலில் பல்லவியைப் பாடினேன். பாடி முடித்த இடத்தில் ஊசியை இறக்கினேன். ஒட்டுப் போட்ட சேலை மாதிரி ஒட்டு நன்றாகவே தெரிந்தது, ஆனாலும் எங்கள் வீட்டில் முதன்முதலாக ஒரு பாட்டு ஆரம்பித்து முடிந்தது. பிறகு மற்ற எட்டுக்கும் பாடச் சொன்னாள், பாடினேன். அடுத்த மாதச் சம்பளத்தில் எப்படியாவது ஒரு நல்ல தட்டு வாங்கிவிடலாம் என்றேன். அவள் தட்டுகளை வேட்டியில் சுற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"வாங்குனா மூளித் தட்டாவே வாங்கிட்டு வாங்க. முழுசா எதையும் கொண்டாந்துறாதீங்க."

ஊருக்கெல்லாம் நல்ல பெட்டி எதுவென்று புத்தி சொன்னவன் கடைசியில் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தது, முன்பாதியை முதலாளியே பாட வேண்டிய ஒரு பெட்டி. இங்கே முதலாளி நான்தான்.