காய்ச்சாத பாலில் செய்த சீஸ்

என் கணவர் நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த பிராண்டேயில் காற்றாலை இறகுகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஒருமுறை வேலைக்காகப் பிரான்சுக்குப் போனவர், லுவார் ஆற்றுப் பக்கத்து ஆட்டுப்பால் சீஸ் ஒன்றோடு திரும்பினார். சாம்பல் பூசிய, ஒரு சாண் நீள உருளை. நான் அதன் மணம் தாங்காமல் யன்னலைத் திறந்துவிட்டேன்.

பிறகு சனிக்கிழமைகளில் பக்கத்து நகரமான ஹேர்னிங்கில் ஒரு கடையில் அதையே வாங்கத் தொடங்கினார். வட்டம் வட்டமாக வெட்டிச் சூடான பாணில் வைத்து, மேலே கொஞ்சம் தேன் விடுவார்.

"தோலைக் கழிக்காதையும். ருசி அதிலைதான் இருக்கு."

எனக்கும் மெல்ல மெல்லப் பிடித்துப்போனது. முதலில் புளிப்பு, பிறகு உப்பு, கடைசியில் வறுத்த கச்சான் கடலை போல ஒரு வாசம்.

அவருக்குக் கணையத்தில் புற்றுநோய் வந்தது. மருந்து ஏற்றத் தொடங்கியபின் சோறும் கறியும் இரும்பை நக்கியதுபோல் இருக்கிறதென்றார். சீஸை மட்டும் கேட்டார். மருத்துவமனைத் தாதி மறித்துவிட்டாள். அது காய்ச்சாத பாலில் செய்தது, எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்புக்கு ஆபத்து என்றாள்.

"ஒரு துண்டுதானே கேக்கிறன்."

"சுகம் வரட்டும். முழுசா வாங்கித் தாறன்."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மாரியில் ஒரு நாள், இனி மருந்து ஏற்றுவதில் பயனில்லை என்று மருத்துவர் சொன்னார். அது என் மண்டைக்குள் இறங்கவில்லை. வெளியே வந்து, வேறென்ன கேட்பதென்று தெரியாமல், தாதியிடம் சீஸைப் பற்றிக் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"இனி அவர் விரும்பிய எதையும் சாப்பிடலாம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. காருக்குள் இருந்து அழுதேன். பிறகு கடைக்குப் போனேன்.

கட்டிலருகே மேசையில் நான் வைத்த பொதியைக் கண்டதும் அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப அவ்வளவுதான், என்ன?"

"ஓம்" என்றேன்.

"உடனை வெட்டாதையும். குளிர் போகட்டும்."

காத்திருந்தோம். உருளையின் நடுவில் ஒரு வைக்கோல் தண்டு இருக்கும். அதை உருவ அவருடைய விரல்களுக்குப் பலமில்லை. நான் உருவினேன். ஒரு துண்டை வாயில் வைத்து நெடுநேரம் மென்றார்.

"ருசி தெரியுதோ?"

"இல்லை. நீர் சாப்பிடும்."

அவர் பார்த்துக்கொண்டிருக்க, நான் பாணில் வைத்துச் சாப்பிட்டேன். தைப்பொங்கலுக்கு முன்னமே அவர் போய்விட்டார்.