சந்தனம் வைத்த ஃப்ளாப்பி

பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரைக்கும் எந்த டிபன் கடையில் இட்லி பஞ்சு போல இருந்தாலும், அது என் மாவாகத்தான் இருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை, பெருமைக்குச் சொன்னாலும் தப்பில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கு என்னைக் கைவிட்டது, நானும் அதைக் கைவிட்டேன். அதற்குப் பிறகு ஒரே ஒரு கிரைண்டரை வைத்துக்கொண்டு நான் போட்ட கணக்கை இன்றுவரை எந்த ஆடிட்டரும் தப்பு என்று சொன்னதில்லை. வயதில் இன்னும் நாற்பதைத் தொடவில்லை என்றாலும் இந்தத் தொழிலில் எல்லாருக்கும் மூத்தவள் நான்தான். புதிதாக மாவுக் கடை போடுகிறவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உளுந்தை ஊற வைப்பதில்லை.

இப்படிப்பட்டவளுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி என்ன தெரியும் என்று நினைக்க வேண்டாம். எட்டாம் வகுப்புப் படிக்கும்போதே ஒரு கம்ப்யூட்டரைப் பிழைக்க வைத்தவள் நான்.

அப்போது நாங்கள் அஸ்தினாபுரத்தில் குடியிருந்தோம். மாடியில் ஒற்றை அறை. அதில் என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி. அவருக்குத் தாம்பரத்தில் குமாஸ்தா வேலை. தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஊரே கலர் திரையும் மவுஸுமாக இருந்தபோது, மாமாவின் அறையில் மட்டும் மற்றவர்கள் தூக்கிப்போட்ட கம்ப்யூட்டர்கள் உயிரோடு இருந்தன. ஒவ்வொன்றும் கல்யாண அண்டா கனம். திரையில் பச்சை எழுத்து மட்டும்தான் வரும். அதற்குள் போடுகிற ஃப்ளாப்பியோ அப்பளம் அகலம், கையில் எடுத்தால் வளையும்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் மாமாவின் கூட்டாளிகள் இரண்டு பேர் வந்துவிடுவார்கள். ஒருவர் சேலையூரில் இருந்த பேங்க் சார். பேங்கில் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வந்தபோது அதைத் தொட்டவர், பேங்க் அதைக் கழித்துக் கட்டிய பிறகும் விட மனமில்லாதவர். இன்னொருவர் பள்ளிக்கரணையில் காயலான் கடை வைத்திருந்த அண்ணன். மற்ற கடைக்காரர்கள் உடைத்து இரும்பாக விற்பதை இவர் முழுசாகத் தூக்கிக்கொண்டு டிவிஎஸ் வண்டியில் வந்து இறங்குவார். "தலைவா, ஒண்ணு மாட்டிகினு கீது. மூச்சு கீதா பாரு" என்பார். மூன்று பேரும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சுற்றி உட்கார்ந்தால் சாப்பாட்டு நினைவே இருக்காது. செத்த யந்திரத்தின் உறுப்பை எடுத்து இருக்கிற யந்திரத்துக்கு வைப்பார்கள். பச்சை எழுத்து வந்துவிட்டால் குழந்தை பிறந்த வீடு மாதிரி ஒரு சத்தம் கேட்கும்.

அவற்றில் ஒரு யந்திரம்தான் மாமாவுக்கு உயிர். அதற்கு மாமாவும் பேங்க் சாரும் சேர்ந்து ஒரு புரோகிராம் எழுதியிருந்தார்கள். பெயரை அடித்தால் திரை முழுக்கப் பெரிய பெரிய தமிழ் எழுத்தில் வரும். அந்தப் பெட்டிக்குள் எதுவும் தங்காது. அந்த ஒரு ஃப்ளாப்பியைப் போட்டால்தான் அதற்குத் தான் யார் என்பதே நினைவுக்கு வரும். நகல் ஒன்று பேங்க் சார் வீட்டில் இருந்தது. மழைக்காலத்தில் அதற்குப் பூஞ்சை பிடித்துவிட்டது. ஆக, மிச்சம் ஒன்றே ஒன்று.

அம்மாவுக்கு அந்த அறை தீராத தலைவலி. மாமாவுக்கு வந்த ஒரு வரன் அந்த அறையைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைக்குச் சொந்தமா காயலான் கடை இருக்குன்னு சொல்லவே இல்லையே" என்று கேட்டுவிட்டுப் போனது. அதற்கடுத்த வரன் கேட்கக்கூட இல்லை. பிறகு குரோம்பேட்டையிலிருந்து ஒரு டீச்சர் ஜாதகம் வந்தது. தமிழ் டீச்சர். கோயிலில் வைத்துப் பெண் பார்த்தார்கள். அங்கே மாமா எதை விட்டாலும் இதை விடுவதாக இல்லை. பழைய கம்ப்யூட்டர்களை விட மாட்டேன், பிறகு தெரிந்து வருத்தப்படக் கூடாது என்று நேராகச் சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணும், "அப்படின்னா வந்து பார்த்துட்டே சொல்றேன்" என்றாளாம். விஜயதசமி நல்ல நாள், வீடு பார்க்க வருகிறோம், பெண்ணும் வருகிறாள் என்று தகவல் வந்தது. மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் பெண்ணே வருவது அம்மாவுக்குச் செரிக்கவில்லை. மாமாவோ, அவள் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டுக் காட்ட ஒரு வாரமாகத் தயாராகிக்கொண்டிருந்தார்.

முதல் நாள் ஆயுத பூஜை. என் புத்தகம், அம்மாவின் கத்தரிக்கோல், அப்பாவின் ஸ்கூட்டர் சாவி எல்லாம் சாமி முன்னால் வரிசையாக இருந்தன. பெட்டியை மாடியிலிருந்து இறக்க முடியாது என்பதால் மாமா ஃப்ளாப்பியை மட்டும் கொண்டுவந்து வைத்தார். அம்மா பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். கிரைண்டருக்கு, தண்ணீர் மோட்டாருக்கு, டிவிக்கு. ஃப்ளாப்பியிடம் வந்ததும், காகித உறைக்கு யாராவது பொட்டு வைப்பார்களா என்று உருவி வெளியே எடுத்தாள். ஃப்ளாப்பியின் மேலட்டையில் நீள்வட்டமாக ஓர் இடம் திறந்திருக்கும். உள்ளே கறுப்பாக, வழவழப்பாக, நெற்றி மாதிரியே இருக்கும். தம்பிக்கு நாளைக்கு நல்லது நடக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு, குழைத்த சந்தனத்தை அதில் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தாள்.

பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது. மறுநாள் பூஜை முடிந்ததும் அம்மாவே அதைப் பத்திரமாக உறையில் போட்டு மாமாவிடம் கொடுத்தாள். அவரும் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிக்கொண்டார். திறந்து பார்க்கவில்லை. சாமியிடமிருந்து வந்ததை யார் சோதித்துப் பார்ப்பார்கள்?

பெண் வீட்டார் வந்தார்கள். டீச்சரும் அவளுடைய அப்பாவும் மாடி ஏறினார்கள். பின்னாலேயே நாங்கள் எல்லாரும். பேங்க் சார் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். காயலான் கடை அண்ணன் அன்றைக்கென்று தலை சீவியிருந்தார். மாமா உறையிலிருந்து உருவி, டீச்சரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஃப்ளாப்பியை உள்ளே தள்ளி, சுவிட்சைப் போட்டார். தேங்காய் துருவுகிற மாதிரி ஒரு சத்தம். திரையில் இங்கிலீஷில் ஒரு வரி வந்து நின்றது. மறுபடி அதே சத்தம், அதே வரி.

மாமா வெளியே எடுத்துப் பார்த்தார். சந்தனம் காய்ந்து வட்டமாகக் கோடு இழுத்திருந்தது.

"அக்கா, யாரு இது?"

"நான்தான் வெச்சேன். எல்லாத்துக்கும்தான் வெச்சேன்."

"போச்சு. இருந்தது இது ஒண்ணுதான்."

"சாமிக்கு வெச்சது எப்படிடா கெட்டுப்போகும்?" அம்மாவின் குரல் உடைந்துவிட்டது.

"அக்கா, கண்ண தொறந்து வெச்சி உள்ள மொளகாப் பொடி போட்டா இன்னா ஆவும், அதான் இது" என்றார் காயலான் கடை அண்ணன். பேங்க் சார் அவர் காலை மிதித்தார்.

பெண்ணின் அப்பா நல்ல மனுஷர். "கடையில வேற ஒண்ணு வாங்கிக்கலாமே மாப்ளே" என்றார். அவர் வாயிலிருந்து அன்றைக்கு முதன்முதலாக மாப்ளே என்று வந்தது. ஆனால் மாமாவின் காதில் அது விழுந்த மாதிரியே இல்லை.

டீச்சர்தான் கிட்டே வந்து கேட்டாள். "உள்ள இருக்கறது என்னது? கழுவக் கூடாதா?"

மூன்று ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கழுவலாம். பூஞ்சை பிடித்ததைக் கழுவிய கதைகளை அவர்களே பேசியிருக்கிறார்கள். உயிரான ஒன்றின் மீது கத்தி வைக்கத்தான் யாருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் பேங்க் சார் பிளேடால் அட்டையின் ஓரத்தைக் கீறினார். உள்ளிருந்து கறுப்பாக, வட்டமாக, நடுவில் ஓட்டையோடு ஒரு மெல்லிய தகடு நழுவி வந்தது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பூ விட்டு, மாமா அதைக் கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவது போலக் கழுவினார். டீச்சர் தண்ணீர் ஊற்றினாள். சந்தன வாசனை அறை முழுக்கப் பரவியது.

அந்தத் தகடு பிறகு வேறு அட்டைக்குள் போய், ஓடவும் செய்தது. டீச்சரின் பெயர் திரை நிறையப் பச்சையாக வந்தது. மெய்யெழுத்துக்குப் புள்ளி மட்டும் வரவில்லை. எந்தப் பெயரை அடித்தாலும் வரவில்லை. அம்மாவின் பொட்டு புள்ளியைத் தின்றுவிட்டது என்று மாமா தலையில் கை வைத்தார். "ஓலைச்சுவடியிலயும் புள்ளி இருக்காது, அதுக்காக யாரும் படிக்காம விட்டாங்களா?" என்றாள் டீச்சர். தை மாதம் கல்யாணம். அவள் எனக்கு அத்தையாகி, அந்தப் பெட்டிகளோடேயே குடித்தனமும் நடத்தினாள்.

ஆனால் இதெல்லாம் நடக்க வேண்டுமானால் முதலில் அந்தத் தகடு காய வேண்டுமே. அது என் பொறுப்பு. துணியால் துடைக்கக் கூடாது, வெயிலில் வைக்கக் கூடாது, மேலே ஓடுகிற ஃபேன் தூசி இறைக்கும். ஓட்டைக்குள் பென்சிலை விட்டு நான்தான் பிடித்துக்கொண்டேன். டீச்சர் காலண்டர் அட்டையால் விசிறினாள். மாமா எதிரே உட்கார்ந்திருந்தார். எல்லாரையும் கேசரி சாப்பிடக் கீழே அழைத்த அம்மா, வாசலில் நின்றபடி என்னிடம் மட்டும், "நீ இங்கயே இருடி. எதுக்கும் எழுந்து போகக் கூடாது" என்றாள். அத்தனை பேரில் என்னிடம்தான் ஒப்படைத்தாள் என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. காயலான் கடை அண்ணன், "நா இருந்து பாத்துக்கறேன் சார், கொயந்த கீய போட்டுடும்" என்று அசையாமல் நின்றார். "பஜ்ஜி ஆறுது, வாய்யா" என்று பேங்க் சார் அவரைச் சட்டையோடு இழுத்துக்கொண்டு போனார்.

நான் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரம் என்றால் என்ன, காய்ந்தது என்றால் என்ன என்பதில் அப்போதே என்னை ஏமாற்ற முடியாது. ஒரு சொட்டு ஓரத்துக்கு நழுவி என் மணிக்கட்டில் விழுந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

"காஞ்சிடுச்சு மாமா."

"இன்னும் கொஞ்சம்" என்றார் மாமா. டீச்சர் தன் பள்ளிக்கூடத்துக் கதை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மாமா சிரித்தார். அவர் அப்படிச் சத்தம் வராமல் சிரித்து நான் பார்த்ததில்லை. காலண்டர் அட்டை அவள் மடியில் கிடந்தது. விசிறுவதை எப்போது நிறுத்தினாள் என்று தெரியவில்லை.

வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. "அக்கா, நெஜமாவே காஞ்சிடுச்சு."

டீச்சர் தகட்டைப் பார்க்காமலேயே சொன்னாள்: "நடுவுல இன்னும் ஈரம் இருக்கு பாரு கண்ணு."

பார்த்தேன். நடுவில் ஓட்டைதான் இருந்தது. விரலை விட்டுக்கூடக் காட்டினேன். "இங்க ஒண்ணுமே இல்லக்கா." இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள். கை வலித்தது. கீழே பஜ்ஜி தீர்ந்துகொண்டிருந்தது. இவ்வளவு படித்தவர்களுக்கு ஈரம் எது, ஓட்டை எது என்றுகூடத் தெரியவில்லையே என்று எனக்கு அவர்கள் மேல் பாவமாக இருந்தது.