என் காலில் விழுந்து அம்மா கேட்ட கேள்வி

கடந்த வைகாசியில், எங்கள் ஊர் அம்மன் கோயில் சடங்கின்போது நடந்தது இது. ஆரையம்பதிப் பக்கம், வாவிக்கரையை ஒட்டிய ஊர் எங்களுடையது. சடங்கு தொடங்கிவிட்டால் வீடுகளில் மீனும் இறைச்சியும் சமைப்பதில்லை, சண்டை சச்சரவும் கூடாது. எங்கள் வீட்டில் மீன் நின்றதே தவிர சண்டை நிற்கவில்லை. வீட்டில் இருப்பது நானும் அம்மாவும்தான். சண்டைக்குக் காரணம், தினமும் காலையில் நான் விழுங்கும் ஒரு குளிசை.

எனக்கு இருபத்துநாலு வயது. மட்டக்களப்பு நகரத்தில் வீடு கட்டுவதற்கான படம் வரைந்து கொடுக்கும் அலுவலகமொன்றில் வேலை. எனக்கு இருப்பது ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைபாடு என்று டொக்டர் கண்டுபிடிக்கும்வரை, ஊர் எனக்கு வைத்திருந்த பெயர் 'அரைவிசர்', அதாவது அரைப் பைத்தியம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாடி வீட்டுக்குப் படம் வரைந்தேன். மேலே மூன்று அறை, பல்கனி எல்லாம் அழகாக வந்திருந்தது. ஏறுவதற்குப் படி மட்டும் இல்லை. "ஏன் தங்கச்சி, இந்த வீட்டு ஆக்கள் மேல பறந்தா போற?" என்று அலுவலகத்துப் பெரிய சேர் கேட்டார். அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, கழிவறைக்குள் போய் அழுதேன்.

அதற்குப் பிறகுதான் கிளினிக்குக்குப் போனதும், குளிசை தொடங்கியதும். மூளையைக் கொஞ்சம் தூண்டிவிட்டுக் கவனத்தை ஓர் இடத்தில் நிறுத்தும் மருந்து அது. சிலருக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. எனக்கு ஒத்துக்கொண்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக, தொடங்கிய வேலையை அன்றைக்கே முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அந்தச் சந்தோஷம் என்னவென்று, எடுத்ததையெல்லாம் பாதியில் விட்டுவிட்டு ஏச்சு வாங்கி வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

வில்லங்கம் இரத்த அழுத்தத்தில் வந்தது. இந்த மருந்து அதைக் கொஞ்சம் கூட்டலாம், நெஞ்சு படபடக்கலாம் என்று முதலே சொல்லித்தான் தந்திருந்தார்கள். என்னுடையதோ ஒரு நிலையில் நிற்காது. ஒரு கிளினிக்கில் கூடியிருக்கும், அடுத்த கிளினிக்கில் ஒழுங்காக இருக்கும். வீட்டிலும் அளந்து பாருங்கள் என்றார் டொக்டர். கட்டாரில் இருக்கும் மாமா உடனே ஒரு மெஷினை அனுப்பி வைத்தார். அன்றோடு எங்கள் வீட்டில் நிம்மதி போனது.

நான் வேலை முடிந்து, வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து இறங்கியதும் இறங்காததுமாக அம்மா என் கையில் மெஷினின் பட்டியைக் கட்டிவிடுவார். கட்டிய கையோடு ஏச்சும் தொடங்கும்.

"பாரு, ஏறிட்டு! நான் செல்லல்லயா? குமரிப்பிள்ளைக்குப் பிறசராம். ஊருல ஆரும் கேள்விப்பட்டிரிக்காங்களா?"

"நீங்க ஏசி ஏசி அளந்தா அது ஏறாம என்னம்மா செய்யும்?"

"வாய் மட்டும் நல்லா வேல செய்யிது. அந்தக் குளிசைய நிப்பாட்டு, எல்லாம் சரிவரும்."

மாமி வந்தாலும் இதே கதைதான், பக்கத்து வீட்டு அக்கா வந்தாலும் இதே கதைதான். படி இல்லாமல் வீடு வரைந்தபோது எனக்காகக் கவலைப்பட ஒருவரும் இருக்கவில்லை. மெஷினில் நம்பர் கூடியதும் எல்லோரும் டொக்டர் ஆகிவிட்டார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கண்டபாட்டில் நிறுத்த மாட்டேன், நிறுத்துவதென்றால் டொக்டர் சொல்லட்டும் என்று ஒரே பிடியாக நின்றேன்.

சடங்கு தொடங்கியதும் அம்மா வேறு வழியில் வந்தார். "குளிசையப் பத்தி இனி நான் கதைக்கல்ல. எனக்கு ஒரு நேர்த்தி இரிக்கி. நீ என்னோட விரதமிருந்து மடிப்பிச்ச எடுக்க வா, அது போதும்" என்றார். நேர்த்திக்கடனாக வீடு வீடாகப் போய் மடியேந்தி அரிசி வாங்கி, கோயிலுக்குக் கொடுப்பதுதான் மடிப்பிச்சை. அம்மா இவ்வளவு தணிந்து கேட்டது எனக்கே அதிசயமாக இருந்தது. சரி என்றேன்.

விடிந்ததும் தலை தோய்ந்துவிட்டு, வெறும் வயிற்றில் குளிசையைப் போட்டேன். சாப்பாட்டோடு எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். விரதத்தில் சாப்பாட்டுக்கு எங்கே போவது? தேத்தண்ணீர் குடித்தால் விரதம் முறியாது என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. போன வீடுகளிலெல்லாம் அரிசியைப் போட்டுவிட்டு, "களைச்சிரிக்கியள், இதக் குடிங்க" என்று சாயம் ஏறிய வெறுந்தேத்தண்ணீரை நீட்டினார்கள். மறுக்க மனம் வராமல் வாங்கி வாங்கிக் குடித்தேன். வைகாசி வெயில் தலையில் காய்ந்தது. நெஞ்சு இடிக்கத் தொடங்கியிருந்தது. விரதக் களைப்பு என்று நினைத்து நடந்தேன்.

கடைசி வீட்டில்தான் குட்டு வெளிப்பட்டது. அந்த வீட்டுப் பெண் "என்ன நேர்த்தி?" என்று கேட்க, அம்மா ஒளிக்காமல் சொன்னார்: "இவள் அந்தக் குளிசைய விட்டிரவேணும். அதுக்குத்தான் அம்மாளிட்ட நேந்திரிக்கன்."

என் மடியில் அரிசி. அந்த அரிசியைக் கேட்டு வாங்கியது நான். என் குளிசையை என் கையாலேயே பறிக்க வைத்திருக்கிறார்! உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அங்கே ஒன்றும் கதைக்காமல், கோயிலை நோக்கி விறுவிறு என்று நடந்தேன். என்னைக் கேளாமல் வைத்த நேர்த்தி செல்லாது என்று அம்மனிடமே முகத்துக்கு நேரே சொல்லிவிடுவதாக எண்ணம்.

கோயிலில் மத்தியானப் பூசை நடந்துகொண்டிருந்தது. உடுக்கும் பறையும் ஒன்றாக முழங்க, பெண்கள் குரவை போட்டுக்கொண்டிருந்தார்கள். சாம்பிராணிப் புகையும் சனமுமாக மூச்சுவிட இடமில்லை. அரிசியைக் கொட்டிவிட்டு நிமிர்ந்தேன். காதுக்குள் என் இதயமே அடிப்பது கேட்டது. கை இரண்டும் தானாக நடுங்கின. முன்னால் இருந்த விளக்குகள் ஒவ்வொன்றாக இருண்டன. அவ்வளவுதான் தெரியும், விழுந்துவிட்டேன்.

கண் விழித்தபோது குரவை இன்னும் உச்சத்தில் இருந்தது. யாரோ மஞ்சள் தண்ணீரை என் தலையில் ஊற்றியிருந்தார்கள். என் கையில் வேப்பிலை. "அம்மாள் வந்திட்டா! கன்னிப்பிள்ளையில அம்மாள் வந்திட்டா!" என்று நாலு பக்கமும் சத்தம். எங்கள் பக்கத்தில் தெய்வம் ஏறியவர் எதிர்காலம் சொல்வார், வருத்தத்துக்கு வழி சொல்வார். அதைக் கட்டுச் சொல்லுதல் என்பார்கள். நடுங்கிக்கொண்டு கிடந்த என்னை இரண்டு பேர் தூக்கி இருத்தி, கட்டுக் கேட்பதற்காகச் சுற்றி நின்றார்கள்.

முதலில் வந்தது என் அம்மா.

வந்தவர் நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்தார். பெற்ற தாய் என் காலடியில் கிடந்து கையெடுத்துக் கும்பிட்டு அழுதார். "தாயே, என்ட புள்ள அந்தக் குளிசைய விடலாமா, கூடாதா? அவள்ட உசிருக்கு ஒண்டும் வராதே? நீயே ஒரு வழி செல்லு தாயே!"

அந்தக் குரலில் இருந்த பயத்தை அன்றுதான் கேட்டேன். இத்தனை நாளும் அது ஏச்சாக மட்டுமே என் காதில் விழுந்திருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், ஆசை வந்தது. கண்ணை உருட்டி, தலையை ஆட்டி, "குளிசையை விடாதே" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். அம்மா, மாமி, பக்கத்து வீட்டு அக்கா எல்லோருடைய வாயும் அந்த நிமிடமே அடைபட்டிருக்கும். அம்மனே சொன்னபிறகு மறுத்துக் கதைக்க யாருக்குத் துணிவு வரும்? வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை. அம்மா கேட்பது என்னைப் பற்றி. நான் அவர் முன்னாலேயே இருக்கிறேன். இருந்தும் என்னிடம் கேட்கவில்லை. இதே வாயால் நான் எத்தனை தரம் பதில் சொல்லியிருக்கிறேன்! மகளின் வாய் என்றால் மதிப்பில்லை, தெய்வத்தின் வாய் என்றால்தான் மதிப்பா? வேப்பிலையைக் கீழே வைத்தேன்.

"அம்மா, ஒழும்புங்க. எனக்குத் தெய்வம் வரல்ல. பிறசர்தான் ஏறி இறங்கிற்று. நான் உங்கட மகள். மகள்தான் செல்றன், அந்தக் குளிசைய உங்கட நேர்த்திக்காக நான் விடமாட்டன். இப்ப என்ன ஆசுப்பத்திரிக்குக் கூட்டிப் போங்க."

குரவை நின்றுவிட்டது. "அம்மாள் சோதிக்கிறா" என்றாள் ஒருத்தி, விட மனமில்லாமல். "ஒருத்தரும் சோதிக்கல்லகா, எனக்குத் தலை சுத்துது, குடிக்கத் தண்ணி தாங்க" என்றேன். பூசை செய்யும் கட்டாடியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "சனத்த விலத்துங்க, காத்து வரட்டும். ஆராவது ஆட்டோ ஒண்டு பிடிங்க" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

ஆட்டோவில் அம்மா என்னை இறுக்கிப் பிடித்தபடியே ஏசினார். "அம்மாள்ட சந்நிதியில இப்பிடியா கதைக்கிற? ஊர்ச்சனம் என்னகா நினைக்கும்?" ஏசிக்கொண்டே என் நெற்றியில் இருந்த மஞ்சளைத் தன் முந்தானையால் துடைத்தார்.

வைத்தியசாலையில் படுக்க வைத்து அளந்தபோது அழுத்தம் கூடியிருந்தது. எழுப்பி நிறுத்தி அளந்தபோது சட்டென்று விழுந்தது. டொக்டர் ஓர் இளம் பெண். நடந்ததைக் கேட்டுவிட்டு எங்கள் இருவருக்கும் சேர்த்தே ஏச்சுத் தந்தார். சாப்பாடில்லாமல் இந்தக் குளிசை, அதற்கு மேலே சாயத் தேத்தண்ணீர், தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நடை, போதாக்குறைக்குக் கோபம். உடம்பு பாவம் எதைத்தான் தாங்கும் என்றார். நெஞ்சுக்கு ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அதில் பிழை ஒன்றும் இல்லை. சேலைன் ஏற்றினார்கள்.

அம்மா விடவில்லை. கோயிலில் கேட்டதையே டொக்டரிடமும் கேட்டார்: "இவள் அந்தக் குளிசைய விடலாமா டொக்டர்?"

டொக்டர் அம்மாவுக்குப் பதில் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பினார். "நீங்க செல்லுங்க தங்கச்சி. குளிசை இல்லாம எப்பிடி, குளிசையோட எப்பிடி?"

சொன்னேன். ஒளிவுமறைவில்லாமல் எல்லாம் சொன்னேன். வேலையில் நான் இப்போது எப்படி இருக்கிறேன் என்று சொன்னேன். சில நாட்களில் நெஞ்சு படபடப்பதையும் சொன்னேன். அம்மா கட்டிலின் ஓரத்தில் இருந்து முழுதையும் கேட்டார். அவரும் நானும் ஒரே அறையில் இருந்து, அவர் குறுக்கே கதைக்காமல் நான் கதைத்து முடித்தது அதுவே முதல் தடவை. கிளினிக் டொக்டரோடு கதைத்து, குளிசையைச் சில நாட்கள் நிறுத்தி, பிறகு குறைந்த அளவில் திரும்பத் தொடங்கினார்கள். பட்டியைக் கட்டுமுன் சும்மா இருக்க வேண்டும், அளக்கும்போது ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்று கட்டளையும் வந்தது. இரண்டாவது கட்டளை யாருக்கு என்று அம்மாவுக்கு நன்றாகவே விளங்கியது.

அழுத்தம் இப்போதும் சில நாட்களில் கொஞ்சம் ஏறத்தான் செய்கிறது. கிளினிக்குக்குத் தவறாமல் போகிறேன். ஒருநாள் இது எனக்குச் சரிவராது என்று டொக்டர் காரணம் காட்டிச் சொன்னால் விட்டுவிடுவேன். ஊர் சொல்கிறது என்பதற்காக விடமாட்டேன். அம்மன் சந்நிதியில் ஏறி வந்த தெய்வத்தை மறுத்துவிட்டதால் என் மீது குற்றம் இருக்கிறது என்று மாமி இன்னும் சொல்லித் திரிகிறார். சொல்லட்டும்.

இப்போதெல்லாம் காலையில் அம்மா என் முகத்தைப் பார்த்து, "இண்டைக்கு உனக்கு எப்பிடி இரிக்கி?" என்று கேட்கிறார். அன்றைக்கு அம்மனின் பெயரால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிடமே ஜெயித்திருப்பேன், ஆனால் இந்தக் கேள்வியை என் அம்மா கடைசிவரைக்கும் என்னிடம் கேட்டிருக்க மாட்டார்.